வீட்டுக்குள் வெள்ளம் வரவழைக்கச் சில யோசனைகள்

முதலில் இடம். சென்னையில், தெருப் பெயரில் மட்டும் ஏரி மிச்சமிருக்கும் பகுதியாகப் பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டுக் கொடிதான் தெரியும். அந்தப் பக்கத்து நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரையே எழுப்பினார்கள். நமக்கெல்லாம் முன்னோடிகள்.

அங்கே மனை கிடைக்காவிட்டால் பள்ளிக்கரணைப் பக்கம் போங்கள். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் கலங்கல் தாண்டித் தாண்டி வந்து சேரும் சதுப்பு நிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்று போய்க் கடலில் இறங்கவேண்டும். கடலில் ஓதம் ஏறியிருந்தால் தண்ணீர் காத்திருக்கும். உங்கள் ஹாலில்தான்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் 2015 டிசம்பரில் எவ்வளவு வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். “மாடிப்படி வரைக்கும் சார்” என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து மண். பெசன்ட் நகர் மணல் சரிப்படாது, ஊற்றியதையெல்லாம் குடித்துவிடும். களிமண்தான் உத்தமம். நனைய நனைய ஊதி, கோடையில் விட்ட வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும். அப்புறம் மணிக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே விட்டால் அதிகம். ஆனால் அதையும் முழுக்க நம்பக்கூடாது. செடி வேர்விட்டால் மண்ணில் வழி உண்டாகும், மண்புழு வேறு தன் பங்குக்குக் குடையும். ஆகவே வாசலிலிருந்து கொல்லை வரை சிமென்ட் கல் பாவிவிடுங்கள். ஒரு கிரவுண்டில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 22,000 லிட்டர். அத்தனையும் தெருவுக்குப் போய்விடும். எதிர்வீட்டுக்காரரும் கல் பாவியிருப்பார்; அவருடையது உங்களைத் தேடி வரும்.

மழைநீர் சேகரிப்பா? 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். குழாய் தெரிகிற மாதிரி வையுங்கள், போதும். குழாய் இறங்கும் தொட்டியின் கூழாங்கல்லை அள்ளிக் கழுவும் வேலையெல்லாம் வேண்டாம். மேலே வண்டல் படிந்துவிட்டால் தொட்டி தொட்டியாகவே நிற்கும், சொட்டு இறங்காது.

பக்கத்தில் வரத்துக் கால்வாய் கண்ணில் பட்டால் ஒரு லாரி கட்டட இடிபாடு.

சாலையைப் பற்றிக் கவலையே வேண்டாம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, சில வருடங்களில் உங்கள் வாசலைப் பள்ளமாக்கித் தந்துவிடுவார்கள். இலவசமாக.

மே மாதம் போர்வெல் வெறும் காற்றை இறைத்தால் பதறாதீர்கள். டேங்கர் லாரிக்குப் போன் போடுங்கள். வாசல் சிமென்ட் தரையில் வண்டி ரிவர்ஸ் எடுக்க நல்ல வசதி.