எஃப் நைன் அண்ணன்

துபாயிலோ அபுதாபியிலோ ஏதாவது கட்டட சைட்டின் போர்ட்டா கேபினுக்குள் எட்டிப் பாருங்கள். ஏசிக்கு நேர் கீழே, இரண்டு திரைகளுக்கு முன்னால், தூசி படாத ஷூவோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் பிளானிங் இன்ஜினியர். திருநெல்வேலிப் பக்கமோ நாகர்கோவில் பக்கமோ சிவில் படித்துவிட்டு வந்தவர். சிமென்டைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆனால் பிரைமவேரா என்கிற அட்டவணை மென்பொருளைத் திறந்து எஃப் நைனை அழுத்தினாரென்றால், நாற்பது மாடியின் தேதிகளும் ஒரே நொடியில் இடம் மாறி உட்காரும். முடிந்த வேலை நீலம், மிச்சம் பச்சை, ஒருநாள் பிந்தினாலும் ஒப்படைப்புத் தேதியையே இழுத்துக்கொண்டு போகிற வேலை சிவப்பு. சிவப்பு கூடக் கூட அண்ணன் முகத்தில் ஒரு களை வரும். மேனேஜர் தன்னைத் தேடி வந்தாக வேண்டுமே!

மேனேஜர் வருவார். வந்து, “இதெல்லாம் எனக்குப் புரியாது, ஒரே பக்கத்தில் கொடு” என்பார். அவ்வளவுதான், அண்ணன் எக்செல்லுக்குத் தாவிவிடுவார். முந்தின மேனேஜருக்குச் சுவரில் ஒட்ட ஏ3 தாள். இவருக்குப் போனில் தெரிய வேண்டும். அடுத்து வருகிறவருக்கு எதுவோ. கட்டடம் ஒரு மாடி ஏறுவதற்குள் அட்டவணை மூன்று அவதாரம் எடுத்திருக்கும்.

அவருடைய நிஜமான எதிரி காலண்டர். 2022 ஜனவரியில் அமீரக அரசு அலுவலகங்கள் வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு லீவு என்று மாறின. ஷார்ஜா அரசோ வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் விட்டுவிட்டது. ரியாத் கிளைக்கு இன்னும் வெள்ளியும் சனியும்தான். சைட்டுக்கு ஞாயிறு மட்டும். ஆக மொத்தம், எல்லாரும் சேர்ந்தாற்போல் வேலை பார்ப்பது திங்கள் முதல் வியாழன் வரை. போதாததற்கு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12:30 முதல் 3 வரை வெயிலில் ஆளை நிறுத்தக் கூடாது. கத்தாரில் அதுவே காலை 10 முதல் 3:30 வரை. ரமலானில் தினம் இரண்டு மணி நேரம் குறையும்.

அத்தனையையும் அண்ணன் அட்டவணைக்குள் அடக்கிவிட்டார். பெருநாள் மட்டும் அடங்கவில்லை, அது பிறை பார்த்து வருவதாயிற்றே. அதற்கும் ஒரு கட்டம் போட்டார்: ‘பிறை தெரிந்ததா? ஆம் / இல்லை’. நோன்பு 29 அன்று ராத்திரி அறிவிப்பு வரும்வரை லேப்டாப்பை மூட மாட்டார். ‘ஆம்’ என்று தட்டியதும் டவரே ஒரு நாள் நகரும். எனக்குத் தெரிந்து அந்த சைட்டில் நடந்த உருப்படியான இன்ஜினியரிங் அதுதான்.

ஃபோர்மேன்தான் அசைய மாட்டேன் என்கிறார்.

“அண்ணே, புது சார்ட் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். கலரெல்லாம் நல்லா இருக்கு. அஞ்சாவது மாடிக்கு பிளாக் வரல, அதுக்கு எந்த கலரு சார்?”

கிண்டல் என்று அண்ணனுக்கு உறைக்கவில்லை. அன்றைக்கே ‘சாமான் வரவில்லை’ என்பதற்கு ஆரஞ்சு சேர்த்தார். அடுத்த வாரம் பாதி அட்டவணை ஆரஞ்சு. மேனேஜருக்குக் கண் கூசியது. உடனே ஆரஞ்சை இளம்பச்சையாக மாற்றிக் கொடுத்தார். அந்த மீட்டிங்கில் எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள்.

ஊரில் அவருக்கும் ஒரு வீடு எழும்புகிறது. அதற்கும் பிரைமவேரா உண்டு. தளம் போடும் தேதியைச் சிவப்பில் காட்டிக் கொத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கொத்தனார் போன் பண்ணினார்: “ஆடி பொறக்குது தம்பி, தளம் போட மாட்டோம்.”

அண்ணன் அசரவில்லை. ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை லீவு என்று ‘ஆடி’ பெயரில் புதுக் காலண்டர் திறந்தார், எஃப் நைனைத் தட்டினார், அனுப்பினார்.

“பாத்தேன் தம்பி. ஆவணி பூரா முகூர்த்தம், ஆளு கிடைக்காது. அதையும் போட்டுருங்க.”