மரத்துக்கும் தூக்கம் வேண்டும்

கேள்வி: அயோத்தியாப்பட்டணத்தில் ஐந்து சென்டில் வீடு. ஜெர்மனியிலிருந்து மகள் கொண்டுவந்த ஹேசல்நட்டில் நாலைத் தொட்டியில் ஊன்றி மூன்று மாதமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். எப்போது முளைக்கும்?

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள் அம்மா, வறுத்தது என்று போட்டிருக்கும். பொட்டுக்கடலை எங்காவது முளைக்குமா? பச்சைக் கொட்டையே என்றாலும், ஈர மணலில் சில மாதம் குளிரில் கிடந்தால்தான் கண் விழிக்கும்.

முளைத்தாலும் அதற்கு எதிரி நம் சித்திரை வெயில் மட்டுமல்ல, நம் மார்கழியும்தான். ஹேசல்நட் இலையுதிர்த்துத் தூங்குகிற மரம். 7 டிகிரிக்குக் கீழான குளிரில் ஏறக்குறைய 1000 மணி நேரம் தூங்க வேண்டும். இரவு பகலாகக் கணக்கிட்டால் 40 நாளுக்கு மேல். உங்கள் ஊர்க் கோதண்டராமர் கோயிலுக்கு மார்கழி விடியலில் போகும்போது நாம் சால்வை போர்த்துகிற குளிரும் அதற்குப் புழுக்கம். தூக்கம் தீராத மரத்தில் மொட்டு ஒழுங்காகத் திறக்காது. துருக்கியின் கருங்கடல் கரையில் குளிர்காலத்திலேயே அது பூக்கிறது. உலக விளைச்சலில் பாதிக்கு மேல் அந்த நாட்டில்தான். தன் மகரந்தம் தனக்கே சேராது என்பதால், வேறு ரகத்து மரம் ஒன்றும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கேள்வி: வேரில் தினமும் ஐஸ் கட்டி போட்டால்?

பதில்: குளிர வேண்டியது மொட்டு. வேரை விறைக்க வைத்துப் பயனில்லை.

கேள்வி: ஏற்காட்டில் தம்பிக்குத் தோட்டம் இருக்கிறது. அங்கே வைக்கலாமா?

பதில்: காப்பிக்கு ஏற்காடு சொர்க்கம். ஹேசல்நட் கேட்கிற குளிர் அங்கும் இல்லை. பார்க்க ஆசையென்றால் இமாசலத்தின் பாங்கிப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே காட்டில் விளையும் ஹேசல்நட்டைத் 'தாங்கி' என்கிறார்கள். பனிக்காலத்தில் அங்கே போகும் சாச் கணவாயே மூடிக்கொள்ளும். மரத்துக்கு அப்படி ஒரு தூக்கம் வாய்க்கிறது.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் கல்லால் உடைத்துத் தின்ற வாதாங்கொட்டையும் இதன் சொந்தமா?

பதில்: இல்லை. அது கடுக்காய், தான்றிக்காய், நீர்மருது குடும்பம். பருப்பு துளியூண்டு, ருசி அபாரம். ஆனால் குடைபோல விரிகிற மரம், உங்கள் ஐந்து சென்டையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பிறகு எந்தக் கொட்டையைத்தான் வைப்பது?

பதில்: முந்திரி! உங்கள் ஊர் ஸ்டேஷனில் விருத்தாசலம் ரயிலில் ஏறுங்கள். கடைசி ஸ்டேஷனில் இறங்கினால், வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். வி.ஆர்.ஐ. 3 அவர்கள் கொடுத்த ரகம். விதை வேண்டாம், ஒட்டுக்கன்றாக ஒன்று கேளுங்கள். வெயில் முழுதாக விழுகிற, தண்ணீர் தேங்காத மூலையில் ஆடி மழைக்கு நடுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் ஒட்டு தோற்று நாட்டுச் செடி ஜெயித்துவிடும். முதல் இரண்டு வருடம் வரும் பூவையும் கிள்ளுங்கள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு. மூன்றாம் வருடம் பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். பச்சைக் கொட்டையை மட்டும் வீட்டில் உடைக்காதீர்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் கொப்பளிக்கும்.