அண்டையாரை மறவாத சென்னை

பக்கத்து ஊர்களை சென்னை நினைத்துக்கொள்ளும் அளவுக்கு வேறு எந்த மாநகரமாவது நினைத்துக்கொள்ளுமா என்பது சந்தேகம்தான். தண்ணீர் வற்றினால் நினைக்கிறது. குப்பை சேர்ந்தால் நினைக்கிறது. பேருந்து நிற்க இடம் போதாவிட்டாலும் முதலில் நினைவுக்கு வருவது அண்டை ஊர்தான். உறவு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பெருங்குடியையே எடுத்துக்கொள்வோம். அது தனிப் பேரூராட்சியாக இருந்த காலத்திலேயே, 1980களில், சென்னை தன் வீட்டுக் குப்பையை நம்பிக்கையோடு அங்கே அனுப்பத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். தென்சென்னைப் புறநகரின் மழைநீரையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி மெல்ல அனுப்பிவந்த நிலம் அது. கைம்மாறு கேட்காமல் உழைத்ததற்கு மாநகரம் தந்த மரியாதை ஒரு குப்பை மலை. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் ஒரே வீச்சில் உள்ளே வந்தன. அவற்றில் பெருங்குடியும் ஒன்று. குப்பையை முதலில் குடியேற்றி, பல ஆண்டுகள் கழித்து உறவை உறுதி செய்துகொண்ட அந்தப் பொறுமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

கேட்டு வாங்கும் கலையிலும் சென்னைக்கு ஈடில்லை. 1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணா நீரில் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க இசைந்தன. நெடுந்தூரக் கால்வாய்ப் பயணத்துக்குப் பிறகு 1996இல் அந்த நீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியும் குழாய் வழியே இங்கே வருகிறது. மூன்று மாநில அரசுகளை ஒரே தாளில் கையெழுத்துப் போடவைத்த சாமர்த்தியம் இது. குடிநீருக்காகப் பாடுபட்ட அந்தத் தலைமுறை அதிகாரிகளையும் பொறியாளர்களையும் மனதாரக் கும்பிடத் தோன்றுகிறது. அந்தச் சாமர்த்தியத்தில் ஒரு சிட்டிகையைக்கூட நன்மங்கலத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் நடுவில் செலவழிக்காமல் அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்களே, அந்தச் சிக்கனமும் பெரிதுதான்.

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு. நம் முன்னோர் மேட்டையும் பள்ளத்தையும் கண்ணாலேயே அளந்து அமைத்த ஏரிச் சங்கிலி. இன்றைய நிர்வாகம் அதைப் பங்கு பிரித்திருக்கும் நேர்த்தியைப் பாருங்கள். சிட்லபாக்கமும் செம்பாக்கமும் 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில். நன்மங்கலம் ஊராட்சியில். கீழ்க்கட்டளை மறுபடியும் தாம்பரம் மாநகராட்சியில். நாராயணபுரம் சென்னை மாநகராட்சியில். ஏரிகளைப் பார்த்துக்கொள்ள நீர்வளத் துறை, சதுப்பைப் பார்த்துக்கொள்ள வனத் துறை. சில கிலோமீட்டருக்குள் ஒரு சொட்டு மழைநீருக்கு இத்தனை காவலர்கள். பாதுகாப்பில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

காவலர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கடமையில் கண்ணானவர்கள் என்பதும் உண்மை. புறநகர்த் தெரு ஒன்றில் பார்த்திருக்கிறேன்: மழைநீர் வடிகால் இடுப்பளவு ஆழத்தில், கான்கிரீட் மூடியோடு, மட்டம் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஒரு வீட்டு வாசல்வரை வந்து, கத்தியால் நறுக்கியதுபோல் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பக்கத்து உள்ளாட்சியின் வெறும் மண். “இதோட எங்க லிமிட் முடிஞ்சிடுதும்மா” என்று மேற்பார்வையாளர் அந்த வீட்டு அம்மாவிடம் பணிவாகத்தான் சொன்னார். பொய்யில்லை, வரைபடத்தில் கோடு அங்கேதான் இருந்தது. அடுத்தவர் எல்லையில் ஒரு செங்கல்கூட வைக்காத இந்த நாணயத்தை வேறெங்கே காணமுடியும்? அந்த அம்மா மட்டும் கதவுக்குக் கீழே மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அந்த வாசலில்தான் தேங்கும் என்பது அவருக்குத் தெரியும். மேற்பார்வையாளருக்கும் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் வெள்ளத்தில் மிதந்து போனதை நாடே கைப்பேசியில் பார்த்தது. மேலே எத்தனை ஊர்களின் நீர் அங்கே வந்து இறங்குகிறது என்பதையும் அன்று பார்த்திருக்கலாம். 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது அடையாறு இதே பாடத்தைத்தான் நடத்தியது.

பொறுமையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றும் கலந்து பேசி ஓட வேண்டும் என்று ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு, அதாவது கும்டாவுக்கு, 2010இல் சட்டம் இயற்றினார்கள். அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. அவசரப்பட்டு உட்கார்ந்துவிடக் கூடாது என்று பன்னிரண்டு ஆண்டுகள் நின்று யோசித்த நிதானம் அது. உட்கார்ந்த பிறகு மூன்றே ஆண்டுகளுக்குள், 2025 செப்டம்பரில், மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் செயலி வந்துவிட்டது. பல்லாவரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது உண்மையான உதவி. சேர்ந்து உட்கார்ந்தால் இவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதை இத்தனை காலம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த தன்னடக்கம்தான் என்னை வியக்க வைக்கிறது.

கிளாம்பாக்கமும் அப்படியே. 2023 டிசம்பர் 30இல் 88 ஏக்கரில் பிரமாண்டமான பேருந்து முனையம் திறந்தார்கள். மின்சார ரயில் பாதை எதிரிலேயே ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து விடியற்காலை வந்து இறங்கியவர்கள், மூட்டையும் பிள்ளையுமாக நின்று, ரயில் தங்களைக் கடந்து போவதைப் பார்க்கும் பேறு பெற்றார்கள்.

சென்னைப் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. அதை 5,904 ஆக விரிக்க 2022இல் அரசாணை வந்தது. அத்தனை ஊர்களின் நிலம் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டமிடுவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். தலைவர் மாநில அமைச்சர் ஒருவர். ஆவடி கவுன்சிலருக்கோ நன்மங்கலம் ஊராட்சித் தலைவருக்கோ இந்தச் சுமையைத் தராத கருணை இதில் இருக்கிறது. ஆனால், 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் வேறு மாதிரி சொல்கிறது. 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் பெருநகரப் பகுதிக்கு ஒரு திட்டக் குழு வேண்டும். அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களை, நகராட்சிகளின் உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கொல்கத்தாவில் 2001இலேயே அப்படி ஒரு குழு அமைந்தது.

இங்கே அந்த இருக்கைகளில் செம்பாக்கத்தின் கவுன்சிலரும், நன்மங்கலத்தின் தலைவரும், பள்ளிக்கரணையின் கவுன்சிலரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரே வரைபடத்தில் அந்த ஏரிச் சங்கிலியைப் பார்க்க வேண்டும். எந்தக் கலங்கல் எவ்வளவு உயரம், எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, தூர்வாரும் காசில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று வாய்விட்டுச் சண்டை போடட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. அதற்கு முன்பு ஒரே ஒருமுறை கூடினாலும் போதும், அந்த அம்மாவின் வாசல் வடிகாலை அடுத்த ஊருக்குள் பத்தடி நீட்டிவிடலாம்.