அப்போஸ்தலரை வென்ற அட்டவணை

கேளம்பாக்கத்திலிருந்து புறப்படும் ‘ஒருநாள் திருயாத்திரை’க் குழுவின் மேன்மைதங்கிய செயலாளர் அவர்கள் சமூகத்திற்கு, அதே யாத்திரையில் கடைசி வரிசையில் அமரும் பாக்கியம் பெற்ற பயணி ஒருவன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

சர்வேசுரனுடைய கிருபையால் தாங்களும் தங்கள் விசிலும் க்ஷேமமாயிருப்பதாக நம்புகிறேன். அர்ச்சியசிஷ்ட தோமையார் கி.பி. 52-இல் மலையாளக் கரையில் வந்திறங்கி, ஊர் ஊராய் நடந்து மயிலாப்பூரை அடைந்து, 72-இல் வேதசாட்சியாக உயிர்நீத்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவருக்கு இருபது ஆண்டுகள் பிடித்த அக்காரியத்தை, இரண்டு வேளைத் தேநீருக்கும் ஒரு வேளை எலுமிச்சை சாதத்துக்கும் தாராளமாய் அவகாசம் ஒதுக்கிய பின்னரும், சூரியோதயத்தில் தொடங்கி இராச்சாப்பாட்டுக்கு முன்பாகத் தாங்கள் முடித்துக்காட்டிவிட்டதை எண்ணும்போது, அப்போஸ்தலருக்கு வாய்க்காமற்போனது விசுவாசமோ வைராக்கியமோ அன்று, தங்களைப்போன்ற ஒரு செயலாளரே என்று நான் துணிந்து முடிவு கட்டுகிறேன்.

அதனினும் வியக்கத்தக்கது, புண்ணிய சரித்திரத்தின் கிரமத்தையே போக்குவரத்துக்கு இசையத் தாங்கள் திருத்தியமைத்த பாங்கு. தோமையார் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்று மரபு கூறும். தாங்களோ, கோவளத்தில் 1808-இல் எழுந்த கார்மேல் மாதா கோயில் வாசலில் எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாய் விரைந்து, காலை ஒன்பது மணிக்கு அவரை அடக்கம் செய்து, நடுப்பகலில் குகைக்குள் ஒளியவைத்து, மாலை மயங்கும் வேளையில் பரங்கிமலையில் கொலையுண்ணச் செய்தீர்கள். தாம்பரம், வண்டலூர் மார்க்கமாக வீடு திரும்ப இதுவே சௌகரியம் என்பதை உணராத என் பக்கத்து இருக்கைப் பாட்டியம்மாள், “ஏம்ப்பா, காத்தாலதானே சமாதியக் கும்பிட்டோம், இப்ப வந்து ஒளிஞ்சிருக்காருன்னு சொல்றியே?” என்று வினவ, அதற்குத் தாங்கள் விசில் ஒன்றையே விடையாக அருளியதும் நினைவிருக்கலாம்.

இடையில் லஸ் பிரகாச மாதா கோயிலும் வந்தது. நடுக்கடலில் தத்தளித்த போர்த்துக்கீசியருக்கு ஓர் ஒளி தோன்றிக் கரைகாட்டியதன் நன்றிக்கடனாக 1516-இல் எழும்பியது என்று சொல்லப்படும் அத்தலம், வண்டி நிறுத்த இடமில்லாத காரணத்தால், இடப்பக்கத்து ஜன்னலோரப் பயணிகளுக்கு மாத்திரம் காட்சி தந்து மறைந்தது.

சாந்தோமில் நிகழ்ந்ததையும் பதிவு செய்தல் என் கடமை. 1896-இல் அபிஷேகிக்கப்பட்டு, 1956-இல் பசிலிக்கா என்ற பெருமையும் எய்திய அவ்வாலயத்துக்கு எங்களுக்குக் கிடைத்த அவகாசத்தின் பெரும்பகுதி, தங்கள் குழுவின் புரவலர்கள் கைகூப்பிச் சிரிக்கும் ஃபிளெக்ஸ் பதாகையைச் சுருக்கமின்றி விரித்துப் பிடிப்பதிலேயே கழிந்தது. வலது மூலையைப் பிடித்திருந்தவன் நான். படத்தில் கோபுரம் விழவில்லையாயினும், புரவலர்கள் அனைவரும் தெளிவாக விழுந்திருக்கிறார்கள்.

பரங்கிமலைக்கு மக்கள் ஏறிச்செல்லப் படிகள் அமைத்தவர், அடையாற்றின் குறுக்கே 1726-இல் பாலம் கட்டிய அதே அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். அவர் செலவெல்லாம் வியர்த்தம் என்பதை மெய்ப்பிப்பதுபோல் தங்கள் வண்டி எங்களை உச்சிவரை கொண்டுசேர்த்தது. இம்மலையருகே 1802 ஏப்ரலில் நில அளவையைத் தொடங்கிய லாம்டன் துரை, தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கிச் சென்ற ஏழரை மைல் தூரத்தை அளக்க வாரக்கணக்கில் வெயிலில் வாடினார். நாங்களோ கோயிலையும், பீடத்திலுள்ள பகலவி எழுத்துப் பொறித்த பழங்கற்சிலுவையையும், கீழே விமானநிலையத்தில் இறங்கிய இரண்டு விமானங்களையும் கால்மணி நேரத்தில் தரிசித்து முடித்தோம்.

இவ்வளவு சாதித்த குழு இத்துடன் நின்றுவிடலாகாது. லஸ்ஸில் இறங்காமலே புண்ணியம் கிட்டியதென்றால் ஏனைய தலங்களில் மட்டும் இறங்குவானேன்? மூன்று கோயில்களையும் திரைச்சீலையில் எழுதிக் கேளம்பாக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றிலேயே கட்டிவிட்டால், டீசலும் சுங்கமும் மிச்சமாவதோடு, எலுமிச்சை சாதமும் ஆறாமலிருக்கும்.

வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி ஆவணி வெயிலில் நாட்கணக்காய் நடந்துபோகும் ஏழைகளை ஆண்டுதோறும் இதே கடற்கரைச் சாலையில் காண்கிறோம். காலில் கொப்புளம் கண்ட அவர்களுக்கு அட்டவணை கிடையாது. ஆயினும் எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்று கேட்டால் அவர்களில் சிறுபிள்ளையும் பதில் சொல்லும். தாங்கள் அச்சிட்டு விநியோகித்த அட்டவணையை நான் மும்முறை வாசித்தேன். தேநீர், நிழற்படம், மதிய உணவு, கழிப்பறை, கடைவீதி ஆகிய யாவும் மணி நிமிஷத்தோடு கண்டிருக்கின்றன. ஜெபம் என்று ஓர் இனம் மட்டும் காணவில்லை. கடைவீதிக்கு ஒதுக்கிய நாற்பது நிமிஷத்தில் பாதியை அடுத்த தபசுகாலத்தில் அதற்குப் பெயர்த்துக் கொடுக்கத் தங்கள் குழு சம்மதிக்குமாயின், இரண்டு தலங்களைக் குறைத்துக்கொள்ள என்னைப்போன்றோர் சித்தமாயிருக்கிறோம்.

இங்ஙனம்,
கடைசி வரிசைப் பயணி

பி.கு.: ஏற்ற நேரமில்லை என்று எங்களிடம் திரும்ப வாங்கி வாளியில் இட்டுக்கொண்ட மெழுகுவர்த்திகள் அடுத்த குழுவுக்கு விற்பனைக்கு வருமென்று அறிகிறேன். அவற்றில் பாட்டியம்மாளுடையதை மாத்திரம் தயைகூர்ந்து திருப்பித் தரவும்; அதற்கு அவள் முழு விலை கொடுத்திருக்கிறாள்.