மாவு ஏம்லே பொங்கல?

ஏலே, இங்கன வா. அந்தப் போனைக் கீழ வச்சிட்டு வந்து திண்ணையில உக்காரு. பன்னெண்டாப்பு படிக்கியாம்லா? என்ன படிக்கப் போறேன்னு கேட்டா "நீட்டு"ங்கே. அது வரலைன்னா? "கம்ப்யூட்டரு." அதுவும் வரலைன்னா? அப்பதான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, "அக்ரி பாக்கலாம் தாத்தா"ங்கே. பந்தி முடிஞ்சு அடிச்சட்டியச் சொரண்டி எலையில வச்ச மாதிரில்லா சொல்லுதே!

சரி, ஒண்ணு கேக்கேன். ஆனி ஆடியில ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் வந்து விழுந்தா, உங்க ஆச்சி மாவுச் சட்டியத் தூக்கி அடுப்பு ஓரத்துல வப்பாளே, எதுக்கு? சித்திரையில அதே மாவு சட்டிய விட்டு வெளிய ஓடுதே, ஏன்?

முழிக்கே. மாவுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு கெடந்து பாடுபடுது. லூக்கோநாஸ்டாக்குன்னு ஒண்ணு. வாயில நொழையாத பேரு, ஆனா வேலையில கெட்டி. உளுந்து, அரிசியோடதான் சட்டிக்குள்ள வருது. கதகதப்பு கண்டா மாவப் புளிக்க வைக்கும், காத்தக் கெளப்பி நொதிக்க விடும். குளிரு கண்டா சுருண்டு படுத்துக்கிடும், உன்ன மாதிரி. உங்க ஆச்சி கைநாட்டு. ஆனா அம்பது வருசமா அவ நடத்துத சோதனைச்சாலைக்கு ஒரு நாளு லீவு உண்டுமா? நீ ரெக்கார்டு நோட்டையே அடுத்தவனப் பாத்து எழுதுனவன்.

அந்த இட்லிக்குப் போட்ட அரிசி எது? அம்பை 16. வானத்துல இருந்தா குதிச்சிச்சு? தென்காசியில பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல அம்பாசமுத்திரம். 1937-லயே அங்கன நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தாச்சு. ஆடுதுறை 31-க்கும் கோ 39-க்கும் கல்யாணம் பண்ணி வச்சு, பொறந்தத வருசக்கணக்கா நட்டுப் பாத்துக் கழிச்சு, மிஞ்சினதுதான் இந்தக் குண்டரிசி. நாலு இட்லி உள்ள தள்ளிட்டு, "விவசாயத்துல என்ன சயின்ஸு"ன்னு ஏப்பம் விடுதே.

சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூத்தாப் போதும், காரு காரா வந்து எறங்குதாவ. பூவுக்கு முன்ன பல்லக் காட்டிப் படம். ஒரு தேனீ வந்தா "அய்யோ அம்மா"ன்னு ஓட்டம். அது வராட்டா பாதி வெத பதராப் போவுமேலே, எண்ணெய்க்கு எங்கன போவ?

புளியங்குடி எலுமிச்சங்காய எடுத்துக்கோ. மழைக்காலத்துல காய் கொட்டிக் கெடக்கும், பறிகூலிக்குக் காணாது. கோடையில வெலையக் கேட்டா தலை சுத்தும். தண்ணிய எப்ப நிறுத்தி எப்ப விட்டா மரம் கோடைக்குக் காய்க்கும்? பறிச்ச காய் எத்தன நாள் வாடாம இருக்கும்? தோல மடக்கிப் பிழிஞ்சா கண்ணுல தெறிக்கில்லா, அந்த எண்ணெய வாசனைச் சாமான் செய்யுதவன் காசு குடுத்து வாங்குதான். நாம அந்தத் தோலக் குப்பையில எறியுதோம். இதுக்கெல்லாம் தீர்வு சொல்லுத படிப்பு கடைசி எலைச் சோறாலே?

"சேத்துல எறங்குனவன் எவன் தாத்தா சம்பாதிச்சான்"னு கேப்பே. நாயந்தான். உங்கப்பன் கடன் எனக்குத் தெரியாதா? நான் உன்ன ஏரு ஓட்டவா சொன்னேன்? காய் வெளைய வைக்க ஆளு இருக்கு. வெளஞ்சது வீணாப் போவாம பாக்கத்தான் ஆளக் காணும்.

கும்பகோணத்துல ஒரு டாக்டர் மவன். அவரும் டாக்டருக்குத்தான் படிக்க இருந்தாரு. 1943-ல வங்காளத்துல பஞ்சம் வந்து சனம் லட்சம் லட்சமாச் செத்துது. மனுசன் கோயம்புத்தூரு வேளாண்மைக் கல்லூரிக்குப் போயிட்டாரு. பொறவு ஐ.பி.எஸ்.ஸு தேறினாரு, அதையும் விட்டுட்டு நெதர்லாந்துக்குப் போயி உருளைக்கெழங்கப் பத்திப் படிச்சாரு. இன்னைக்கு ஒருத்தன் அப்படிச் செஞ்சா சொந்தக்காரன் மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவான். அவருதான் எம்.எஸ். சுவாமிநாதன். 2024-ல பாரத ரத்னா குடுத்தாவ.

வல்லநாட்டுக்குப் பக்கத்துல கிள்ளிகுளத்துல வ.உ.சி. பேருல வேளாண்மைக் கல்லூரி இருக்கு. நீட்டு வேண்டாம், பன்னெண்டாப்பு மார்க்குதான் கணக்கு. லீவுல ஒரு நாளு எட்டிப் பாத்துட்டு வா.

இப்பப் போயி உறங்கு. வெளிய சாரல் அடிக்கி, ஆச்சி மாவ அடுப்பு ஓரத்துல வச்சிட்டா. காலைல சட்டியத் தொறந்து பாரு. பொங்கியிருந்தா ஏன்னு சொல்லு, பொங்கலைன்னாலும் ஏன்னு சொல்லு. ரெண்டும் தெரியலைன்னா உனக்குப் பழைய சோறுதான்.