சுய மெக்கானிக்

ஞாயிற்றுக்கிழமை காலை திருவல்லிக்கேணி மேன்ஷன் சந்துகளில் நடந்தால் இவரைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, பைக்கின் அடிவயிற்றையே வெறித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் புத்தம்புது ஸ்பேனர் செட். கையில் போன்; அதில் யாரோ ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டே என்ஜினைப் பிரிக்கிறார். நம்மவருக்கு இந்தி தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு இந்த வியாதி வராது. மண்பாதை வண்டி வாங்கியவருக்குத்தான் வரும். ஹீரோ கம்பெனி 2011-ல் இம்பல்ஸ் என்று ஒன்றை விட்டுப் பார்த்தது, அவ்வளவாக எடுபடவில்லை. 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. முன்சக்கரம் 21 அங்குலம். தரைக்கும் என்ஜினுக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி. காட்டாறு, பாறை, மணல்மேடு எதையும் தாண்டும் என்றார்கள். நம்மவர் இதுவரை தாண்டியவை, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளமும் பாரதி சாலை நெரிசலும்தான். பார்த்தசாரதி கோயில் பக்கம் குறுக்கே படுத்திருந்த மாட்டை மட்டும் தாண்டவில்லை. அது எழுந்திருக்கும்வரை காத்திருந்தார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கையும் பார்த்திருக்கிறார், பெங்களூர் பஸ் ஜன்னல் வழியாக.

வண்டி ஒழுகுவதை முதலில் கண்டுபிடித்தவர் இவர் அல்ல, எதிர்வீட்டு மாமி.

“ஏம்ப்பா, உன் வண்டி ராத்திரியெல்லாம் சொட்டறது போலிருக்கே. கோலம் போடற இடம் கறுத்துக் கிடக்கு. அந்தண்டை தள்ளி நிறுத்தப்படாதா?”

பெரிய பள்ளிவாசல் பக்கம் போனால் மெக்கானிக் ஷெட் இருக்கிறது. ஆனால் இமயமலை போக வேண்டிய வண்டிக்கு இன்னொருவன் கை வைப்பதா? போகிற வழியில் கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது? ஆகவே தானே பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கே சொட்டுகிறது என்று கண்டுபிடிக்க அடியில் இந்து பேப்பர் விரிக்கப்பட்டது. 1878-ல் இதே திருவல்லிக்கேணி வட்டாரத்து இளைஞர்கள் ஆறு பேர் தொடங்கிய பத்திரிகை; சொந்த ஊருக்கு இப்படியும் ஒரு சேவை. காலையில் பார்த்தால் தலையங்கத்தின் நடுவில் ஒரு சொட்டு.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைப்பது இந்த இனத்தின் குலவழக்கம். எண்ணெய் அப்படிப்பட்ட யோக்கியன் அல்ல. மேலே ஏதோ ஒரு சீலில் கசிந்து, ஓட்டத்தில் காற்று தள்ளித் தள்ளி, கடைசியில் எது தாழ்ந்த இடமோ அங்கே வந்து சொட்டும். என்ஜினைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டால் எங்கிருந்து கோடு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். இதையும் நம்மவர் செய்யாமலில்லை. ரூம்மேட்டின் பவுடர் டப்பா காலியானது. ஆனால் கழுவ மறந்துவிட்டார். வண்டி முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு பசை படிந்ததுதான் மிச்சம்.

இதற்குள் சபை கூடிவிட்டது. திருவல்லிக்கேணியில் ஒருவன் தனியாக ஸ்பேனர் பிடித்துவிட முடியுமா?

“இன்னா தம்பி, ஒழுவுதா? பேக்கிங் போயிருக்கும்,” என்றார் ஆட்டோக்காரர்.

“அந்தக் காலத்து புல்லட்டுல ஆயில் ஒழுகலைன்னா உள்ள ஆயிலே இல்லைன்னு அர்த்தம்,” என்றார் பால் வாங்க வந்த பெரியவர். 1956-ல் திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்ததில் தொடங்கி, சோழவரத்தில் விமான ஓடுபாதையில் நடந்த ரேஸ் வரைக்கும் வந்து சேர்ந்தார். பால் திரிந்திருக்கும்.

டிரெயின் போல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று சபை தீர்மானித்தது. போல்ட் இரும்பு. அது இறங்கும் இடம் அலுமினியம். நடுவில் சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு வாஷர். மாற்ற வேண்டியது அந்த வாஷரை. நம்மவர் ஸ்பேனரின் மேல் கால் வைத்து அழுத்தினார். முதலில் அசையவில்லை. அப்புறம் ‘கடக்’ என்றது. அதற்கப்புறம் வெண்ணெயாகச் சுற்றியது.

“ஆங், இறங்கிடுச்சு!” என்று ஆட்டோக்காரர் மகிழ்ந்தார். இறங்கியது திரெட்.

பேக்கிங் வாங்க நம்மவர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு ஓடினார். “மேக்னட் பக்கமா, கிளட்ச் பக்கமா?” என்றார் கடைக்காரர். நம்மவர் போனில் வண்டியின் போட்டோவைக் காட்டினார். அதில் அவர்தான் பாதி மறைத்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கத்துக்கும் ஆகும் என்று ஒரு அனபாண்ட் பசை டியூப் வாங்கி வந்து, இட்லிக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவுவதுபோல் தாராளமாகப் பூசினார். அந்தப் பசை உள்ளே பிதுங்கி விழுந்தால் ஆயில் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்பது இந்தி வீடியோவில் வந்திருக்கக்கூடும்.

திங்கட்கிழமை சாயங்காலம் வண்டி ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரப்பட்டது. மெக்கானிக் பாய் ஒன்றும் பேசவில்லை. செயின் பக்கத்து மூடியைக் கழற்றினார், விரலை விட்டு வழித்தார், முகர்ந்தார்.

“தம்பி, ஒழுகினது என்ஜின் ஆயிலே இல்ல. செயினுக்கு எவ்ளோ அடிச்சீங்க?”

“ஒரு டப்பா, பாய்.”

“அதான் சொட்டுது.” குனிந்து கீழே பார்த்தார். “சரி, இந்த போல்ட்டு? திரெட்ட இப்படித் தின்னு வெச்சிருக்கே. யாரு கை வெச்சது?”

“முன்னாடி ஒரு மெக்கானிக் இருந்தாரு, பாய்.”

பாய் அவர் கையில் காய்ந்திருந்த அனபாண்டைப் பார்த்தார்.

“நல்ல ஆளு. அவரை விட்றாதீங்க. அவர்கிட்ட ரெண்டு தபா போனா, எங்கிட்ட நாலு தபா வருவீங்க.”