நாய்க்காக மலையேறுபவர்

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், மலையடிவாரத்துச் சிற்றூரான சீத்வெயிட்டில் ஒரு கார் வந்து நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை பெய்கிற ஊர் அது. இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களில் இதைவிட ஈரமான ஊர் இல்லை என்பார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இறங்கி, காரின் பின்கதவைத் திறக்கிறார். உள்ளே இருந்த லாப்ரடார் வானத்தைப் பார்க்கிறது, பிறகு அவரைப் பார்க்கிறது. பள்ளிக்கூட வாசலில் முதல் நாள் பிள்ளை போல, இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்கிறது.

"என்ன செய்ய, நடக்காவிட்டால் இவனுக்குத் தாங்காது" என்பார் அவர், கேட்காதவர்களிடமும்.

உண்மையில் தாங்காதது யாருக்கு என்பது அவர் வீட்டுக்காரிக்குத் தெரியும். கெண்டல் நகரசபையில் கணக்குப் பார்த்த ஆல்ஃபிரட் வெயின்ரைட், அப்பகுதிக் குன்றுகளைப் பற்றி 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்கள் வெளியிட்டார். படமும் எழுத்தும் அவர் கையாலேயே. அவற்றில் வரும் குன்றுகள் 214. அத்தனையையும் ஏறி முடிப்பது நம்மவருக்குப் பிறவிப்பயன். நாய்க்கும் தனிக்கணக்கு வைத்திருக்கிறார்: தனக்கு 141, நாய்க்கு 137. நாய் வருவதற்கு முன்பே அவர் ஏறிவிட்ட நான்கு குன்றுகளை அதற்காக மறுபடி ஏறியாக வேண்டுமாம். நாய் கேட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய ஜாக்கெட் விலை உயர்ந்தது, சொட்டுத் தண்ணீர் புகாதது. ஆனால் வரைபடத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கியதும் மழை மணிக்கட்டு வழியாக நுழைந்து முழங்கை வரை போய்விடும். முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு? ஆனாலும் அவர் தொப்பிக் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்.

வழியில் ஆட்டுப்பட்டிகளின் கல்சுவர்கள் குறுக்கிடும். தாண்டுவதற்கு மர ஏணி வைத்திருப்பார்கள். ஆடு மேய்க்கும் கோலி இன நாய் ஒரே தாவில் அப்பால் போய்விடும். லாப்ரடார் ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்க்கும். முப்பது கிலோ ஈர நாயை, முன்னங்கால் இரண்டும் தன் தோளில் சேறு அப்ப, அவர் கட்டித் தூக்கி, ஒவ்வொரு படியாக ஏறுவார். மறுபக்கம் இறக்கிவிட்டதும் அது உடம்பை உதறும். ஈர நாய் நான்கே நொடியில் 70 சதவீத நீரை உதறிவிடும் என்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்தார்கள். அந்த நீர் எங்கே போகிறது என்று கேட்டால் நம்மவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டுவார்.

சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மலைநிலத்தில் நாய்க் கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக வந்த விதி அது, நியாயமானதும்கூட. ஆடு இருந்தால் எந்த மாதமானாலும் அவர் கயிற்றை விடமாட்டார். அந்த இரண்டு மீட்டருக்குள் யார் யாரை இழுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

லண்டன் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய் திறக்காத மனிதர், இங்கே எதிரில் வருகிற எல்லோரிடமும் நின்று பேசுவார். பேச்சு முழுக்க நாய்களைப் பற்றித்தான். பத்து வருடப் பழக்கமானவரின் நாய்க்கு எந்தப் பக்கத்து இடுப்பில் வலி என்று சொல்வார். நாய்க்காரரின் பெயர் தெரியாது.

2020 ஜூலையில் 978 மீட்டர் ஸ்கஃபெல் பைக்கிலிருந்து இறங்கும்போது டெய்சி என்ற செயிண்ட் பெர்னார்ட் நாய் படுத்துவிட்டது. எடை 55 கிலோ. தன்னார்வ மீட்புக் குழுவினர் 16 பேர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம், டோலியில் தூக்கி வந்தார்கள். ஆல்ப்ஸ் பனியில் மனிதர்களைத் தேடி மீட்டுப் பேர் வாங்கிய இனம் அது! இந்தப் பேச்சை எடுத்தால் நம்மவர் வானிலைக்குத் தாவிவிடுவார்.

அவருக்குப் பிடித்தது சார்லஸ் கஃப் கதை. 1805இல் ஹெல்வெலின் மலையில் விழுந்து இறந்த கஃபின் உடலருகே, மூன்று மாதம் கழித்தும் அவருடைய நாய் இருந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் ஆளுக்கொரு கவிதை எழுதினார்கள். உச்சியில் மழைக்கு ஒதுங்கி அமர்ந்து, தொண்டை கம்ம அவர் இதைச் சொல்வார். அந்த மூன்று மாதமும் நாய் எதைத் தின்றது என்று அக்காலச் செய்தித்தாள் ஒன்று எழுதியதை மட்டும் விட்டுவிடுவார். கதை முடிந்ததும் சாண்ட்விச்சில் பாதிக்கு மேல் நாய்க்குப் போகும்.